லத்தீஃபா வரையும் சூரியன்

காலி மாத்திரை அட்டையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். திருப்பி ஒருமுறை பார்ப்பாள். "இது ஒங்களுது இல்லையே அண்ணே, அண்ணியோடதுல்ல?" என்பாள். நான்தான் வீட்டில் அட்டையை மாற்றி எடுத்து வந்திருப்பேன்.

திருவையாற்றுக் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் லத்தீஃபாவிடம் டாக்டர் சீட்டோடு போகிறவர்கள் குறைவு. முடிந்துபோன அட்டையைத்தான் மடியிலிருந்து எடுத்து நீட்டுவோம். மகள் ஹுமைரா பார்மசி படித்தவள்; பெயரைச் சரிபார்த்துப் புது அட்டையை எடுத்துத் தருவாள். அதன் முதுகில் லத்தீஃபா ஸ்கெட்ச் பேனாவால் காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு பிறை வரைவாள். சாப்பிட்ட பிறகு என்றால் பக்கத்தில் ஒரு தட்டு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அரிசி மில்லில் மூட்டை தூக்கி, இன்றைக்கு இரண்டு அறுவடை மிஷினுக்குச் சொந்தக்காரன். யார் சொல்லையும் கேட்டு நடந்த ஆள் இல்லை நான். ஆனாலும் என் ஒன்பது வருஷச் சர்க்கரை அந்தச் சூரியனைப் பார்த்துத்தான் அடங்கிக் கிடக்கிறது.

வரைகிற பழக்கம் அவள் வீட்டுக்காரர் ஜெக்கரியாவுடையது. சவூதியில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வந்து கடை போட்டார். முதல் அலமாரியை வண்டியிலிருந்து தனி ஆளாக இறக்கி வைத்தவன் நான். இன்றும் அது அசையாமல் நிற்கிறது. சாயங்காலம் வாசலில் பெஞ்சு போடுவார். சர்க்கரை போடாத டீயைக் குடித்துக்கொண்டே, "எனக்கு எரநூத்தி நாப்பது, ஒனக்கு எவ்வளவுய்யா?" என்று பந்தயம் மாதிரிக் கேட்பார். சிரித்தால் எதிர்க்கடையில் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் எத்தனையோ பேரோடு டீ குடித்துவிட்டேன், அந்த ருசி இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் கணையத்தில் புற்றுநோய் வந்து நாலே மாதத்தில் போய்விட்டார்.

லத்தீஃபாவுக்கும் சர்க்கரைதான். அவர் சாப்பிட்ட அதே மாத்திரை. அதனால்தான் அவருக்கு வந்ததோ என்று தஞ்சாவூர் டாக்டரிடமே கேட்டிருக்கிறாள். "மாத்திரைதான் காரணம்னு சொல்ல ஆதாரம் இல்லம்மா. சுகரே அந்த ஆபத்தக் கொஞ்சம் கூட்டும். நீங்களா நிறுத்திடாதீங்க" என்றாராம்.

"புத்திக்குத் தெரியுது அண்ணே. கையில எடுக்கறப்பதான் அவங்க மொகம் வந்துருது" என்றாள் என்னிடம்.

போன வாரம் மதியம் நான் கடையில் இருந்தபோது கோவிந்தராசு நொண்டிக்கொண்டு வந்தான். நடவு வயலில் நத்தை ஓடு கிழித்த கால். மூன்று வாரமாக ஆறவில்லை. பாதி தீர்ந்த சுகர் மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்தான்.

"இத எடுத்துக்கிட்டு ஒரு களிம்பு குடுங்கக்கா."

"ஏன், மாத்திர சாப்புடுறதில்லையா?"

"நிப்பாட்டி ஒரு மாசம் ஆச்சு. இதத் தின்னா வயித்துல கேன்சர் வருமாம். போன்ல வந்துச்சு."

"போன்ல அனுப்புனவன் வந்து ஒன் காலப் பாத்தானாடா?" என்றேன் நான்.

"நம்ம பாய்க்கே அப்படித்தானே ஆச்சு?" என்றவன், சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஹுமைரா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். நான் வைவதற்கு வாயெடுத்தேன். லத்தீஃபா கையமர்த்தினாள்.

"களிம்புல ஆறுற புண்ணு இல்ல இது. சாயங்காலமே டாக்டர்ட்ட காட்டணும். இல்லன்னா காலே போயிரும். மாத்திரய நிப்பாட்டுனதையும் மறைக்காமச் சொல்லு. சாப்ட்டாச்சா?"

"ஆச்சுக்கா."

"நானும் இப்பதான் சாப்ட்டேன்."

மேஜை இழுப்பறையிலிருந்து தன் அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கினாள். உள்ளங்கையில் வைத்து அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு, அவன் அட்டையை அவன் பக்கமே தள்ளி, மூடாத பாட்டிலை நீட்டினாள்.