துவைத்த புடவையில் தூளி

ஆறு மாத லீவு முடிந்து, இந்தத் திங்கட்கிழமைதான் வேலைக்குத் திரும்பினேன். வீடு திண்டிவனத்தில். நான் பாடம் நடத்தும் கல்லூரி விழுப்புரத்தில். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அத்தை இருக்கிறார் — என் மாமியார். அப்புறம் என்ன கவலை என்கிறீர்களா? பிள்ளையை விட்டுவிட்டு பஸ் ஏறிப் பாருங்கள், தெரியும்!

முதல் வகுப்பு முடிந்து போனை எடுத்தால்... ஏழு மிஸ்டு கால். எல்லாம் அத்தைதான். உடனே திருப்பிக் கூப்பிட்டேன்.

“அழுதுக்கினே இருக்காம்மா. கேப்பைக் கஞ்சிய வாயில வெச்சா துப்புறா. தூளில போட்டா வீல்னு கத்துறா.”

“உடம்பு சுடுதா அத்தை?”

“அதெல்லாம் இல்ல. தூளிப் புடவையில உன் வாசனையே இல்லம்மா, சோப்பு வாசனதான் அடிக்குது. நீ கட்டி அவுத்தது ஒண்ணாவது வெச்சிட்டுப் போவக் கூடாதா?”

எங்கிருந்து வைப்பது? ஞாயிற்றுக்கிழமை, தூளியில் கட்டியிருந்ததையும் சேர்த்து அத்தனை புடவையையும் துவைத்துப் போட்டவளே நான்தான். வேலைக்குப் போகிறவள் வீட்டு வேலையை மாமியார் தலையில் கட்டிவிட்டாள் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாதே! நல்ல பேர் வாங்கப் போய், பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டேன்.

துவைக்காத புடவை ஒன்றே ஒன்றுதான். அதைக் கட்டிக்கொண்டு நான் விழுப்புரத்தில் நிற்கிறேன்.

அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. போவதா, பஸ் ஏறுவதா? முதல் நாளே பர்மிஷன் கேட்டால், ‘இவரை நம்பி எப்படி வகுப்பு கொடுப்பது’ என்பார்கள். கேட்காவிட்டால் நான் என்ன அம்மா? வகுப்புக்குத்தான் போனேன். என்ன நடத்தினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மத்தியானம் அத்தையே கூப்பிட்டார்.

“உன் தலகாணி உறைய உருவி அவ பக்கத்துல போட்டேன். புடிச்சிக்கினு தூங்கிட்டா. எழுந்து கஞ்சியும் குடிச்சிட்டா. நீ ஒண்ணும் ஜல்தியா ஓடி வராத.”

அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும், இல்லையா? ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேன். நான் இல்லாமல் குடிக்க மாட்டேன் என்கிறாளே என்று காலையில் பயம். நான் இல்லாமலே குடித்துவிட்டாளே என்று மத்தியானம் பயம்...

பிள்ளை அரை நாளில் பழகிவிட்டாள். இன்னும் பால்குடி மறக்காதவள் நான்தான்!