முகத்தை விட வெளுத்த மூக்கு

புற்றுநோய்க்காக என் மூக்கை எடுத்த பிறகும் முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. கடையின் பின்னால் இருந்த சரக்கறைக்கு மாற்றினார். கண்டி நகரத்துச் சேலைக் கடையில், முன் மேசையில் நின்று கல்யாணச் சேலை எடுத்துப் போட்டவள் நான். இப்போது மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உள்ளே பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர்தான் அவர். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புது மூக்கு வந்ததும் முன்னுக்கு வாங்க தங்கச்சி" என்றிருந்தார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கு செய்கிறவர் ஒரு சிங்களவர், அதிகம் பேசமாட்டார். சிலிக்கனில் செய்து, பசையால் ஒட்டி, மேலே மூக்குக்கண்ணாடி போட்டுவிட்டால் விளிம்பு தெரியாது. அச்சை என் தங்கச்சியின் மூக்கிலிருந்துதான் எடுத்தார்கள். நிறம் பார்க்கிற நாளிலும் அவள் புசல்லாவையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். அவர் என் கன்னத்தில் நிறத் துண்டுகளை வைத்துப் பார்க்கும்போது மெல்லக் காதைக் கடித்தாள்.

"செய்யிறதே செய்யிறாங்க, கொஞ்சம் செவப்பா போடச் சொல்லுக்கா. யாரு கேக்கப் போறா?"

எனக்கும் ஆசை விட்டதா? தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு அப்படியே செய்து கொடுத்தார். வடிவான மூக்கு. முகத்தோடுதான் ஒட்டுறவு இல்லை. சரி, மூக்கை மாற்ற முடியாது, முகத்தை மாற்றுவோம் என்று பவுடரை அப்பிக்கொண்டு கடைக்குப் போய், பழையபடி முன் மேசையில் நின்றேன்.

காலை முழுக்க ஒரு குறையும் இல்லை. டியூப்லைட்டின் கீழே எல்லாரும் ஒரே நிறம்தான். மத்தியானம் பல்லேகலயிலிருந்து ஒரு தாயும் கல்யாணப் பெண்ணும் வந்தார்கள். பெண் என் நிறம்.

"இவள செவப்பா காட்டுற மாதிரி ஒன்னு எடுங்க" என்றார் தாய்.

வழக்கம்போல ரோஸ் சேலையைப் பெண்ணின் தோளில் போட்டு வாசலுக்குக் கூட்டிப் போனேன். பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் யாரும் கல்யாணச் சேலை எடுப்பதில்லை. வியர்வையில் என் பவுடர் கரைந்துபோயிருந்தது எனக்குத் தெரியாது.

"இதுல நல்லா செவப்பா தெரியிறீங்க" என்றேன்.

பெண் சேலையைப் பார்க்கவில்லை. "உங்க மூக்கு மாதிரியாக்கா?"

தாய் அவள் கையைக் கிள்ளினார். காசு மேசையிலிருந்த முதலாளி நிமிர்ந்தார். எனக்கு முகம் சுட்டது. சரக்கறைக் கதவுதான் கண்ணில் நின்றது. ஆனால் அவள் கேலி பண்ணவில்லை, தானும் அப்படி ஒட்டாமல் தெரிவோமோ என்று பயந்துபோய்த்தான் கேட்டாள். அது விளங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆமாம்மா, இதே மாதிரிதான். இது ஒட்ட வச்ச மூக்கு. நாந்தான் செவப்பா கேட்டு வாங்குனேன். ஒங்களுக்கு இந்தக் கூத்து வேணாம்."

அரக்குச் சேலை ஒன்றை எடுத்து வந்து போட்டேன். வெளிச்சத்தில் பெண்ணின் முகம் மலர்ந்தது. தாய் அதற்கே பில் போடச் சொன்னார். அவர்கள் போனதும், யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சரக்கறைப் பக்கம் நடந்தேன்.

"எங்க போறீங்க? முன்னுக்கு ஆள் வேணும்" என்றார் முதலாளி.

அன்று பஸ்ஸில் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனதும் என் நிறத்திலேயே ஒன்று கேட்டேன். மூக்கு செய்கிறவர் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார். அது தயாரான அன்று, ஒட்டிவிட்டுக் கைக்கண்ணாடியை நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டு, பவுடர் இல்லாத முகத்தோடு நேரே வாசலுக்குப் போனேன். வெயிலில் நின்று நன்றாகப் பார்த்தேன். கறுப்புத்தான். நானேதான்.