ஜீப் சாவியையும் அவள்தான் எடுத்தாள்

காவல் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். "புள்ள ஒத்துக்கிருச்சு" என்று ஸ்டேஷனில் யாராவது சந்தோஷமாகச் சொன்னால், அங்கேதான் நீங்கள் விழித்துக்கொள்ள வேண்டும்.

நான் சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவள். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு ஸ்டேஷனில் குழந்தைகள் நல அலுவலர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. லீவு முடிந்து ஒருநாள் டியூட்டிக்குப் போகிறேன், வாசலில் ஒரு பெண் தலைவிரிகோலமாக நிற்கிறாள். கீரமங்கலம் பக்கம் தோட்டங்களில் கூலிக்குப் பூ எடுப்பவள்.

"எம்மக உள்ள இருக்குங்க. என்னய விடமாட்டேங்கிறாங்க."

மகளுக்குப் பதின்மூன்று வயது. பூ கமிஷன் கடைக்காரர் வீட்டுக்குச் சரம் கொடுக்கப் போயிருக்கிறாள். அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு செயினைக் காணோம். அவ்வளவுதான் கேஸ்.

ஸ்டேஷன் ரைட்டர் பெருமையாகச் சொன்னார்: "ஒத்துக்கிருச்சு மேடம். செயின் ரெக்கவரிதான் பாக்கி."

அவள் ஒத்துக்கொண்ட லட்சணத்தையும் அவரே சொன்னார். கிணற்றில் போட்டேன் என்றாளாம். மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்திருக்கிறார்கள். பிறகு மல்லிகைக் கொல்லையில் புதைத்தேன் என்றாளாம். வரப்பைக் கொத்திப் போட்டிருக்கிறார்கள். எங்கேயும் ஒன்றும் இல்லை. "சரியான கள்ளி மேடம்" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே போனேன். பள்ளிச் சீருடையில், தரையைப் பார்த்தபடி நின்றாள். கன்னத்தில் விரல் தடம். எதிரே இன்ஸ்பெக்டர் ஜீப் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, அந்த வீட்ல ஒரு தோட்டையும் காணலயாமே. அதையும் நீதான் எடுத்தியா?"

தோடு எதுவும் காணாமல் போகவில்லை. நானாகச் சொன்னது.

"ஆமாக்கா. நாந்தான்."

"இந்த ஐயாவோட ஜீப் சாவி?"

சுற்றிக்கொண்டிருந்த சாவி நின்றது.

"அதையும் நாந்தான் எடுத்தேங்க்கா. அம்மாகிட்ட போகட்டுமா?"

"என்னம்மா, எனக்கே பாடம் எடுக்கிறீங்களா?" என்று இன்ஸ்பெக்டர் எகிறினார்.

"பெத்தவள வெளிய நிறுத்திட்டு, புள்ளய அடிச்சு வாங்குன வாக்குமூலங்கய்யா இது. இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். கன்னத்த டாக்டர்கிட்ட காட்டுவேன். சாவிக் கதையையும் சேத்து எஸ்.பி. ஐயாவுக்கு எழுதுவேன். இப்ப அவ அம்மா உள்ள வரணும்."

அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே நான் போய்த் தாயை அழைத்து வந்தேன். அறிக்கையும் எழுதினேன். பிள்ளை மேல் கேஸ் நிற்கவில்லை. செயின் கடைசிவரை கிடைக்கவில்லை. என்னைக் குளத்தூர்ப் பக்கம் தூக்கிப் போட்டார்கள். அங்கேயும் பஸ் போகிறது என்று கிளம்பிவிட்டேன்.

அன்று தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனவள், நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, சாவிய எங்க வச்சேன்னு சொல்லணுமா?"

அடித்துக் கேட்டால் பிள்ளைகள் நமக்கு வேண்டியதைத்தான் சொல்வார்கள், நடந்ததை அல்ல. இதை எழுதியதற்கு என்னோடு வேலை பார்த்த சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.