அரை மூட்டைக் கரி

என் அக்காவுக்குத் தலைப்பிரசவ வலி எடுத்திருந்தபோது, கரி தீர்ந்துவிட்டது என்று நான் பொய் சொன்னேன். அரை மூட்டை இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. நாமக்கல் பக்கம் பலரும் கோழிப்பண்ணை வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அப்பாவும் முந்நூறு குஞ்சுகள் வாங்கி விட்டிருந்தார். தீவனம் வாங்க அவர் டவுனுக்குப் போன அன்று அடைமழை. ஓடை பெருகி அக்கரையிலேயே நின்றுவிட்டார். கரண்டும் போயிற்று. பல்பு எரியாவிட்டால் குஞ்சுகளுக்குக் கரிச்சட்டி வைத்துச் சூடு காட்ட வேண்டும். போகும்போதே சொல்லியிருந்தார்: "ஒரு குஞ்சு வெறைச்சுச் செத்தாலும் உன்ற தோலை உரிச்சுப்போடுவேன்." சொன்னால் செய்கிறவர்.

மறுநாள் காலையில் அக்காவுக்கு வலி கண்டது. ஊர் மருத்துவச்சி வந்து, சுடுதண்ணீரில் துணியை முக்கிப் பிழிந்து அவள் இடுப்பில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தார். துணி படும்போதெல்லாம் அக்காவின் முனகல் தணிந்ததை வெளியே நின்று நானே கேட்டேன். விறகெல்லாம் நனைந்திருந்ததால் தண்ணீர் கரியில்தான் காய்ந்தது. வீட்டுக்குள் இருந்த கரி மதியத்தோடு தீர்ந்தது.

"சாமி, இன்னொரு குண்டா தண்ணி காய வெச்சுக் கொண்டாங்க. ஒத்தடம் நின்னா புள்ள தாங்காதுங்க" என்றார் மருத்துவச்சி என்னிடம்.

குஞ்சுக் கொட்டகையில் கரி இருக்குமே, பார் என்றாள் அக்காவைத் தாங்கிப் பிடித்திருந்த அம்மா. போனேன். குஞ்சுகள் சட்டியைச் சுற்றி நெருக்கியடித்துக் கிடந்தன. அப்பாமேல் இருந்த பயம் மட்டுமில்லை. வலி, பிள்ளை பிறந்தால் போய்விடும், செத்த குஞ்சு திரும்பாது என்றும் யோசித்தேன். மூட்டைமேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு வந்து, அங்கேயும் இல்லை என்றேன். முன்னமே சொல்வதற்கென்ன என்று அம்மா திட்டத் தொடங்கினாள்.

"அவனை ஏம்மா வையறே? இல்லாததுக்கு அவன் என்ன பண்ணுவான்" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

மருத்துவச்சி தன் உள்ளங்கைகளைத் தேய்த்துத் தேய்த்து அவள் இடுப்பில் வைத்துப் பார்த்தார். அந்தச் சூடு எந்த மூலைக்கு? பொழுது சாயும்வரை அக்கா கத்தினாள். கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தேன். அங்கேயும் கேட்டது.

பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள். மறுநாள் வந்த அப்பா முதலில் கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

இன்னொரு முறை அந்த வலியைத் தன்னால் பட முடியாது என்று அக்கா பிறகு பிள்ளையே பெறவில்லை. ஆண் பிள்ளை இல்லையென்று புருஷன் வீட்டில் அவள் கேட்ட பேச்சுக்கெல்லாம் தொடக்கம் அந்த மதியம்தான் என்பது எனக்கு வெகுகாலம் புரியவில்லை.

போன வருடம் ஆட்டையாம்பட்டியில் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதுவரை அவளுக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்டாள்:

"குஞ்சு எத்தனை செத்துச்சு?"

"ஒண்ணுகூட இல்லீங்க்கா."

"செரி" என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

இப்போதும் போனால் சோறு போடுகிறாள். பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.