துப்பு அண்ணன்

எங்கள் ஆய்வகத்தில் அவருக்குத் துப்பு அண்ணன் என்று பெயர். காய்ச்சலோடு வருகிறவர்களிடம் "துப்புங்க, இன்னும் கொஞ்சம் துப்புங்க" என்று நாள் முழுக்கக் கெஞ்சுவது அவர் வேலை. அப்புறம் மூக்கில் குச்சியை விட்டுச் சுழற்றுவார். ஆளுக்கு இரண்டு குப்பி. தொற்றைக் கண்டுபிடிக்க எச்சில் போதுமா, மூக்குதான் வேண்டுமா என்று ஒப்பிடும் ஆராய்ச்சி. மூக்கு முடிவு மறுநாளே வந்துவிடும். எச்சில் குப்பிகள் உறைபெட்டிக்குள் போய்விடும். ஆயிரம் சேர்ந்த பிறகு மொத்தமாகப் பார்ப்பதாக ஏற்பாடு.

அவரை வளர்த்தது அக்கா. கல்யாணமே வேண்டாம் என்று தம்பியை ஆளாக்கியவர். இப்போது சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். "சின்ன வயசுல துப்புகெட்டவனேன்னு திட்டுவேன். இப்ப ஊரையே துப்ப வச்சு சம்பாதிக்கிறான் பாரு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஒரு திங்கட்கிழமை அண்ணனுக்குத் தொண்டை கரகரத்தது. அக்காவுக்கு ஒட்டிவிடுமோ என்று பயந்து வீட்டுக்கே போகவில்லை. நான்தான் அவரிடம் இரண்டு மாதிரியும் எடுத்தேன். எண் நானூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் மூக்கு முடிவு வந்தது: தொற்று இல்லை.

"அப்பாடா" என்றவர், மனசு கேட்காமல் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவிடம் போனார். "அந்த எச்சிலையும் பாத்துடலாமா?"

"நடுவுல ஒண்ணை மட்டும் எடுக்க முடியாது. மூக்குல இல்லைன்னா இல்லைதான். பயப்படாம வீட்டுக்குப் போங்க."

போனார். அடுத்த இரண்டு நாளும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். வாரம் முடிவதற்குள் அக்காவுக்குத் தொற்று வந்து மூச்சு திணறியது. பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தார். டயாலிசிஸ் வார்டில்தான் தொற்றியிருக்கும் என்று நாங்கள் தேற்றினோம். அண்ணனும் நம்பினார்.

நான்கு மாதம் கழித்து எச்சில் முடிவுகள் வந்தன. அண்ணன் வாசிக்க, நான் எழுதினேன்.

"நானூத்திப் பன்னெண்டு. மூக்கு, இல்லை."

அதோடு நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தேன். எச்சில், உண்டு.

அன்றைக்கு டாக்டரம்மா மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. குச்சி பிடித்த என் கைமேலும்தான்.

"எழுதும்மா" என்றார். எழுதினேன்.

"அக்கா சரியாத்தான் திட்டியிருக்கா. துப்பு இந்தப் பெட்டிக்குள்ளயே இருந்திருக்கு. துப்புகெட்டவன், நான் வீட்டுக்குப் போயிட்டேன்."