கொட்டகைச் சுவரில் எழுதிய பெயர்

டை கட்டிய ஆள் யார் உள்ளே வந்தாலும் ஹார்லன் டெஷ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொள்வார். வெர்னாவின் மதுக்கடையில் மீன் பொரிக்கிற நான், தட்டு நீட்டும் சன்னல் வழியாக இதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பொரித்த மீன் சாப்பிட ஊரே மதுக்கடைக்கு வரும். ஓட்டு வேண்டியவர்களும் வருவார்கள். ஹார்லன் காத்திருந்தது மாநிலச் சட்டசபை உறுப்பினருக்காக.

அவருக்கு வேண்டியது ஒரு பாலம். அவருடைய பால் பண்ணைக்கு முன்னால் ஓடைமேல் இருந்த பாலம் தளர்ந்துபோய், பால் லாரி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். லாரி கல்குவாரி வழியாகச் சுற்றி வந்தது. பாலம் சரியாகாவிட்டால் குளிர்காலம் முதல் வரமாட்டோம் என்றது பால் கம்பெனி.

உறுப்பினர் நீபூர் வந்தால் மீனைப் புகழ்வார். பாலத்துக்கு "பாக்கலாம்" என்பார். அந்த வருஷம் கெய்ல் பிராண்ட்வோல்ட் என்ற பெண் தேர்தலில் புதிதாக நின்றார். ஹார்லனின் மேசையிலேயே உட்கார்ந்து, "ஜெயிச்சா முதல் வேலை உங்க பாலந்தாங்க" என்றார்.

மறுநாளே ஹார்லன் ஏணி வைத்து ஏறி, மாட்டுக் கொட்டகைச் சுவர் முழுக்க அந்தப் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதினார். ஓடைக்கு அக்கரையிலிருந்தே படிக்கலாம்.

தேர்தலன்று வரிசையில் அவருக்குப் பின்னால் நான் நின்றேன். அவர் வாக்குச்சீட்டை மேசையில் வைத்தார்.

"இதுல ஒரு பேரு விட்டுப்போச்சும்மா."

"விட்டுப்போகல ஹார்லன்," என்றாள் சீட்டு கொடுத்தவள். "தொகுதி எல்லைய மாத்திட்டாங்கல்ல? அவங்க ஓடைக்கு அந்தப் பக்கம் நிக்கிறாங்க. நீ இன்னும் நீபூர் தொகுதிதான்."

"ஓடை அங்கயேதானே இருக்கு!"

"ஓடை இருக்கு. இப்ப அதுமேல கோடு வந்துருச்சு."

இரண்டு பேருமே ஜெயித்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை கெய்ல் வந்து ஹார்லனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கரை ஓட்டெல்லாம் உங்க கொட்டகை வாங்கிக் குடுத்ததுங்க!"

"அப்ப பாலம்?"

"அது உங்க பக்கத்துப் பொறுப்பாம். நீபூர் சார் தொகுதில நான் தலையிட்டா நல்லாவா இருக்கும்?"

அடுத்த வாரம் நீபூர் வந்தார். ஹார்லன் முழுசாக எழுந்து நின்றார்.

"ஓ, கொட்டகைக்காரரா! அந்த வழியாத்தான் தினம் போறேன். எழுத்து ரொம்ப அழகு."

"அந்தப் பாலம்..."

"யார் பேரை எழுதினீங்களோ அவங்ககிட்டயே கேளுங்களேன்," என்று சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

"அடுத்த தடவை ரெண்டு பேர் பேரையும் எழுதிடு ஹார்லன்," என்றாள் வெர்னா, பீர் ஊற்றிக்கொண்டே. "சுவர் பெருசுதானே."

எல்லோரும் சிரித்தார்கள். ஹார்லனும் சிரித்தார். மீனை மட்டும் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

டிசம்பரில் பால் லாரி நின்றது. பனி உருகுவதற்குள் மாடுகளை விற்றுவிட்டார்.

பாலம் இன்னும் சரிசெய்யப்படவில்லை. கொட்டகை காலியாக இருக்கிறது. போன தேர்தலில் நீபூர் போட்டியில்லாமல் ஜெயித்தார்.