வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

இடித்த வீடுகளின் கதவு ஜன்னல்களை விற்கும் குரோம்பேட்டைக் கடை ஒன்றில், எண்பதுகளில் அப்பா ஒரு கதவு வாங்கினார். பழசு இருக்கும்போது இன்னொரு மரத்தை வெட்டுவானேன் என்பது அவர் கட்சி. தாம்பரத்தில் நாங்கள் கட்டிய வீட்டில், அது என் அறைக்கு. மாட்ட வந்த ஆசாரி தயங்கினார்.

"தாப்பா வெளியதான் கீது சார். உள்பக்கம் கீழ பூரா கீறல்."

"நாய் பிறாண்டியிருக்கும். நல்ல தேக்கு, மாட்டுங்க," என்றார் அப்பா.

தாழ்ப்பாளை உள்ளே மாற்றி, பெயின்ட் அடித்து, மாட்டியாயிற்று. பழையதை வீணாக்காதே என்று இப்போது யாராவது வகுப்பெடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பள்ளிக்காலம் முழுக்க அந்தக் கதவோரம் தரையில் படுத்தவன் நான். பெயின்ட்டுக்கு அடியில் விரலுக்குத் தட்டுப்படும், கோணலாக ஓர் 'அ'. பக்கத்தில் பாதி 'ம்'.

எந்த நாய் எழுதும்?